சேருவதற்கு முன்பே ஒரு நாள்: கல்லூரிக் களப்பயணம் எதற்கு, எப்படி?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்த மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: “எந்த குரூப் போடப் போற?” பதிலும் ஏறக்குறைய முன்கூட்டியே எழுதி வைத்ததுதான். நானூறைத் தாண்டிய மார்க் என்றால் பயோ மேத்ஸ். கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னும் குறைந்தால் காமர்ஸ். அதற்கும் கீழே போனால் எங்கே இடம் மிச்சம் இருக்கிறதோ அங்கே. மார்க் முடிவு செய்கிறது, மாமாவும் சித்தப்பாவும் தலையாட்டுகிறார்கள், பிள்ளை ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறது. அந்த குரூப்பை எடுத்தால் பின்னால் என்ன படிக்கலாம், அந்தப் படிப்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்வார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு விலை உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியல் கிடையாது. இரண்டு வருடம் கழித்து பி.எஸ்சி. நர்சிங் மேல் ஆசை வந்தால் கதவு சாத்தியிருக்கும். காமர்ஸ் எடுத்தவரிடம் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இல்லை. பொறியியல் கவுன்சலிங்குக்கு அவர் விண்ணப்பிக்கவே முடியாது. 15 வயதில் ஃபாரத்தின் ஒரு கட்டத்தில் போடும் டிக், 18 வயதில் போகக்கூடிய இடங்களில் பாதிக்கு மேல் அடைத்துவிடுகிறது. பிளஸ் டூ முடிந்த பிறகும் இதே கதைதான். பேர் கேட்டுக் கோர்ஸ் சேருகிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்தார் என்று சேருகிறோம்.

இந்த இருட்டைக் கொஞ்சமாவது விலக்குவதற்குத்தான் கல்லூரிக் களப்பயணம். சேருவதற்கு முன்பே, ஒரே ஒரு நாள், அந்தக் கல்லூரி மாணவராக இருந்து பார்ப்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது இதில் சேராது. வகுப்பில் கடைசி பெஞ்சிலாவது உட்கார வேண்டும். லேபில் ஏதாவது ஒன்றைக் கையால் தொட்டுச் செய்ய வேண்டும். கேண்டீனில் சாப்பிட வேண்டும். அங்கே படிக்கும் அக்கா, அண்ணன்களிடம் பேச வேண்டும்.

இங்கிலாந்தில் இதை டேஸ்டர் டே என்கிறார்கள். அங்கே பிள்ளைகள் 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு முடித்ததும், ஏ லெவல் போகிறவர்கள் பெரும்பாலும் 3 பாடங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். வேறு சிலர் தொழிற்படிப்புக்குப் போவார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்ற குழப்பம் அங்கேயும் அதே வயதில்தான் வருகிறது. அதனால் கல்லூரிகளே பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, அவர்கள் யோசித்து வைத்திருக்கும் பாடங்களில் மாதிரி வகுப்பு நடத்திக் காட்டுகின்றன. பல்கலைக்கழகங்களும் இப்படி நடத்துவதுண்டு.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு வடிவம் வந்துவிட்டது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிப் பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் கூட்டிப் போகிறார்கள். கல்லூரிக் கனவு என்ற பெயரில் வழிகாட்டி நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் பிள்ளைகள் நிறைய இருக்கிற மாவட்டங்களில் இது பெரிய விஷயம். எனக்கு ஒரே ஒரு குறை. பிளஸ் டூ வருவதற்குள் குரூப் முடிவாகிவிட்டது. பயோ மேத்ஸில் இருக்கும் பிள்ளைக்கு பி.காம். வகுப்பைக் காட்டினாலாவது பயன் உண்டு, அங்கே போக வழி இருக்கிறது. காமர்ஸில் இருக்கும் பிள்ளைக்கு சிவில் லேபைக் காட்டினால் ஏக்கம்தான் மிச்சம். ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பின் முதல் பாதியிலோ ஒரு முறை போய்விட்டு, பிளஸ் டூவில் மறுபடியும் போவதுதான் சரியான வரிசை.

கண்காட்சி வேறு, களப்பயணம் வேறு

மே மாதம் வந்தால் கல்யாண மண்டபங்களில் கல்விக் கண்காட்சி நடக்கும். வரிசையாக ஸ்டால், ஆளுக்கு ஒரு துணிப்பை, பேனா, வழவழப்பான புத்தகம். எல்லாக் கல்லூரியிலும் எல்லாருக்கும் வேலை கிடைத்திருக்கும். அங்கே போவது தப்பில்லை. ஃபீஸ் எவ்வளவு, என்னென்ன கோர்ஸ் இருக்கிறது, பஸ் எந்த ஊர் வரை வருகிறது என்று ஒரே இடத்தில் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே பேசுபவர் உங்களைச் சேர்ப்பதற்காக நிற்பவர். படிப்பைப் பற்றி அவரிடம் தெரிந்துகொள்ள முடிவது குறைவு.

கல்லூரி ஆண்டு விழா, சிம்போசியம், விளையாட்டு விழா நாளில் போவதும் அப்படித்தான். எங்கள் பக்கம் நிலம் வாங்க வருகிறவர் விவரமானவர் என்றால் கிணற்றைச் சித்திரை வைகாசியில் வந்து எட்டிப் பார்ப்பார். ஐப்பசி மழையில் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் தெரியும். கல்லூரியையும் வெயில் காலத்துக் கிணறாகப் பார்க்க வேண்டும் என்பேன். ஒன்றும் விசேஷமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போதும். இரண்டாவது பீரியடில் எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள், லேபில் மெஷின் ஓடுகிறதா அல்லது உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா, லைப்ரரியில் யாராவது உட்கார்ந்து படிக்கிறார்களா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

கோர்ஸ் பேரும் அதன் அன்றாட வேலையும்

களப்பயணத்தின் முக்கியப் பயன் என்று நான் நினைப்பது இதைத்தான்: ஒரு படிப்பின் பெயர் நம் மனதில் உண்டாக்கும் படத்துக்கும், அந்தப் படிப்பில் தினமும் செய்யும் வேலைக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் சரளமாகப் பேச வரும் என்று நம்பிச் சேருகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். வகுப்பில் போய் உட்கார்ந்தால் 400 வருடத்துக்கு முந்தைய நாடகம், அதைவிடப் பழைய கவிதை, விமர்சனக் கொள்கை என்று போகும். பேச்சுப் பயிற்சி அதில் ஒரு ஓரம். கதை, கவிதை பிடித்துச் சேருகிறவருக்கு அது சொர்க்கம். பேச மட்டும் வேண்டும் என்பவருக்கு மூன்று வருடம் இழுபறி. தமிழ் இலக்கியமும் அப்படியே. மேடையில் கவிதை வாசித்துக் கைதட்டல் வாங்கிய பையன் அங்கே எழுத்து, சொல், யாப்பு, அணி என்று இலக்கணத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டான்.

சிவில் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் மனதில் வருவது தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் சுருட்டிய வரைபடம். சிவில் டிபார்ட்மென்ட் லேபுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் கான்கிரீட் கட்டிகள். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர், கனசதுரம். மேலே தேதியும் நம்பரும் எழுதியிருக்கும். 28 நாள் ஊறிய கட்டியை எடுத்துத் துடைத்து, அழுத்தும் மெஷினில் வைத்து மெதுவாகப் பாரத்தை ஏற்றுவார்கள். எண் ஏறிக்கொண்டே போகும். ஓரத்தில் மெல்லிய விரிசல் ஓடும், அப்புறம் பட்டென்று சத்தம். 560 கிலோநியூட்டன் சுமாருக்கு உடைந்தது என்றால் அதை நியூட்டனாக்கி, கட்டியின் ஒரு முகத்தின் பரப்பான 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுக்கச் சொல்வார்கள். ஏறக்குறைய 25 வரும். வீடு கட்டும் இடத்தில் எம் 25 என்று பேசிக்கொள்கிறார்களே, அந்த 25 இதுதான். அப்பாவுடன் லீவு நாளில் சித்தாள் வேலைக்குப் போன பையனுக்கு அந்த நிமிடம் மண்டையில் பல்பு எரியும். அப்பா கையால் கலக்குவதைத்தான் இங்கே எண்ணால் அளக்கிறார்கள். அதே நாளில் மதியம் வெயிலில் முக்காலி மேல் கருவியை நிறுத்தி, மைதானத்தின் மேடு பள்ளத்தை அளந்து நோட்டில் வரிசை வரிசையாக எண் எழுதச் சொன்னால், அதில் சலிப்பு வருகிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். இரண்டுமே சிவில்தான்.

ஐ.டி.ஐ. பக்கம் போனால் வேறு உலகம். ஃபிட்டர் பிரிவில் முதல் சில வாரங்கள் ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும்தான். வைஸில் பிடித்துவைத்து ராவிக்கொண்டே இருக்க வேண்டும். மேல்பரப்பு சமமாகிவிட்டதா என்று மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். நடுவில் கீற்றாக வெளிச்சம் கசிந்தால் இன்னும் ராவ வேண்டும். கை கொப்புளிக்கும். பத்து நிமிடம் அந்த அரத்தைப் பிடித்துப் பார்த்த பிள்ளைகளில் சிலர் உடனே வைத்துவிடுவார்கள். சிலர் சார் “போதும்டா” என்று சொல்லும் வரை நிறுத்த மாட்டார்கள். புத்தகத்தோடு மல்லுக்கட்டிக் கடைசி பெஞ்சில் சுருண்டிருந்த பையன் அங்கே நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது, மார்க் ஷீட் இவனைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லியிருக்கிறது என்று தோன்றும். ஓசூர் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கும் நமக்கு ஐ.டி.ஐ. என்பதை மார்க் இல்லாதவர்களின் கடைசிப் புகலிடமாகப் பேசும் வழக்கம் ஏன் வந்தது என்று புரியவில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. போனில் வேகமாக விளையாடுவதும் புரோகிராம் எழுதுவதும் வேறு வேறு. ஒரு செமிகோலன் விட்டுப்போனதற்காகத் திரை முழுக்க எரர் வந்து நிற்கும்போது, அதைத் தேடிப் பிடிப்பதில் ஒரு பிடிவாதமான சந்தோஷம் வருகிறதா, எழுந்து போய்விடலாம் என்று இருக்கிறதா? கேள்வி அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே உரிய ஒரு உதாரணமும் உண்டு. ஒட்டு மாங்கன்றுக்குப் பேர்போன சந்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பத்து வயதிலேயே ஒட்டுக் கட்டப் பழகியிருப்பார்கள். தோட்டக்கலைப் படிப்பு என்றால் “அதான் எங்க நர்சரியிலேயே செய்யறமே” என்பார்கள். ஒரு நாள் தோட்டக்கலைக் கல்லூரியில் போய் உட்கார்ந்தால், வேர்ச்செடியின் பட்டைக்கு அடியிலும் ஒட்டுக்குச்சியின் பட்டைக்கு அடியிலும் இருக்கும் வளர்திசு ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும் என்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். கூடவே மண் வேதியியல், பூச்சியியல், புள்ளியியல் என்று நான்கு வருடம் காத்திருக்கிறது என்பதும் தெரியவரும். கைப்பழக்கம் உள்ள பிள்ளைக்கு அதற்குப் பின்னால் உள்ள காரணத்தைப் படிக்க ஆசை வருகிறதா என்பதை அந்த ஒரு நாள் சொல்லிவிடும்.

தேர்ந்தெடுக்க மட்டுமில்லை, தள்ளிவைக்கவும்

களப்பயணம் போய்வந்த பிள்ளை “எனக்கு இது வேண்டாம்” என்று சொன்னால் வீட்டில் முகம் சுருங்கும். ஒரு நாள் வீண் என்று நினைப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த நாள் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. எதிர்காலத்தில் என்னவாகப் போகிறேன் என்று 16 வயதில் தெளிவாகச் சொல்வது யாராலும் எளிதில் முடியாது. எது நமக்கு ஒத்துவராது என்று சொல்வது அதைவிடச் சுலபம், அதிலும் கண்ணால் பார்த்த பிறகு. பத்துப் படிப்பில் நான்கை அடித்துவிட்டால் மீதி ஆறைப் பற்றி உருப்படியாகப் பேசலாம்.

நர்சிங் ஆசையோடு போகும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். பயிற்சி அறையில் பொம்மை நோயாளிக்கு ஊசி போட்டுக் காட்டுவார்கள், அதெல்லாம் சுவாரஸ்யமாகவே இருக்கும். மதியம் சாப்பிடும்போது மூன்றாம் வருட மாணவியிடம் “நைட் டூட்டி எப்படிக்கா?” என்று கேட்டால்தான் விஷயம் வரும். “முதல் வாரம் அழுதேன். இப்ப பழகிடுச்சு. ஆனா வார்டுல ஒருத்தரு இறந்துட்டா அன்னிக்கு சாப்பாடு இறங்காது” என்று அந்த அக்கா சொல்லலாம். இதைக் கேட்ட பிறகும் நர்சிங்தான் வேண்டும் என்றால் அந்த முடிவுக்கு இப்போது கால் முளைத்திருக்கிறது. வேண்டாம் என்றால், முதல் வருடம் நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் கஷ்டம் மிச்சம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அன்றைக்கு வகுப்பு எடுத்தவர் அருமையாகப் பேசினார் என்பதற்காக அந்தப் பாடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தூங்கி வழிய வைத்தார் என்பதற்காகத் தூக்கி எறியவும் கூடாது. ஆசிரியர் மாறுவார், பாடம் மாறாது. முடிந்தால் ஒரே பாடத்தை இரண்டு கல்லூரியில் பார்ப்பது நல்லது. வேதியியல் வகுப்பு ஒரு இடத்தில் பிடித்து இன்னொரு இடத்தில் பிடிக்கவில்லை என்றால், சிக்கல் கல்லூரியில் இருக்கலாம். இரண்டு இடத்திலும் கொட்டாவி வந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

யாரிடம் என்ன கேட்பது

துறைத்தலைவரிடம் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டாலும் கல்லூரிக்கு நல்ல பதிலாகவே வரும். இரண்டாம் வருட, மூன்றாம் வருட மாணவர்களே சரியான ஆள். சார், மேடம் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும். உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் வகுப்பில் இருக்கிறார்கள்? எந்தப் பேப்பரில் நிறையப் பேருக்கு அரியர் விழுகிறது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், அதில் நீங்களே செய்வது எவ்வளவு, சார் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பது எவ்வளவு? போன வருடம் முடித்த சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு “எல்லாரும் செட்டில்” என்று பொதுவாகச் சொன்னால் விடக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த மூன்று பேரைச் சொல்லுங்கள் அண்ணா என்று கேட்டால் நிஜம் வெளியே வரும்.

செலவையும் அவர்களிடமே கேட்கலாம். ஃபீஸ் எவ்வளவு என்பது நோட்டீஸிலேயே இருக்கும். ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு, டிராயிங் சாமான், டூர், தேர்வுக் கட்டணம் என்று அதற்கு மேல் ஆகும் தொகை எந்த நோட்டீஸிலும் இருக்காது. சீனியர் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு பெரிய பயம், இங்கிலீஷ். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், நம்மால் முடியாது என்று பயந்தே நல்ல படிப்பை விட்டுவிடுபவர்கள் உண்டு. இந்தப் பயத்தை எந்த அறிவுரையும் போக்காது. ஒரு வகுப்பில் உட்கார்ந்தால் போய்விடும், அல்லது சரியான அளவுக்கு வந்துவிடும். போர்டில் எழுதுவது இங்கிலீஷாக இருக்கும். விளக்கம் பெரும்பாலும் பாதித் தமிழில் ஓடும். தேர்வு இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பது நிஜமான சிரமம்தான். முதல் செமஸ்டரை எப்படித் தாண்டினீர்கள் என்று தமிழ் வழியில் படித்து வந்த சீனியரையே கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது பலருக்கு இன்னும் தெரியாது.

அம்மாவையும் கூட்டிப் போங்கள்

பள்ளி நடத்தும் களப்பயணத்தில் பெற்றோருக்கு இடம் இருப்பதில்லை. அதைத் தனியாகவாவது செய்ய வேண்டும் என்பேன், அதிலும் பெண் பிள்ளைகள் விஷயத்தில். அஞ்செட்டி, தளி, பென்னாகரம் மலைக்கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா, கல்யாணம் பேசுவதா என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்தப் பேச்சில் படிப்பின் அருமை பற்றி யாரும் வாதாடுவதில்லை. தூரம், பஸ், பாதுகாப்பு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கும்.

அம்மா ஒரு முறை வந்தால் பார்ப்பது வேறாக இருக்கும். லேபை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஹாஸ்டலில் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று இழுத்துப் பார்ப்பார். வார்டன் அம்மா எந்த ஊர் என்று விசாரிப்பார். சாம்பாரை ஒரு கரண்டி ஊற்றிப் பார்ப்பார். வாசலில் டீக்கடைக்காரரிடம் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். ஊருக்குத் திரும்பி, தயங்கிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் “நானே பார்த்துட்டு வந்தேன், பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல” என்று அவர் சொல்லும் ஒரு வரிக்கு இருக்கும் எடை, ஆசிரியர்கள் பத்துப் பேர் வந்து பேசினாலும் வராது.

பணக் கணக்கும் அங்கேயே பேசித் தீரும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. பொறியியல், வேளாண்மை, கால்நடை போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது; மருத்துவத்தில் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. அந்த மாதம் ஆயிரம் ரூபாய் கையில் எப்படி வருகிறது, எந்தச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் மாணவியிடம் கேட்டு அம்மா தெரிந்துகொள்ளட்டும்.

நம் பக்கம் எங்கே போகலாம்

ஒரு காலத்தில் கல்லூரி என்றால் சேலம், பெங்களூரு என்று பஸ் ஏற வேண்டியிருந்தது. இன்று இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் 1960-களிலிருந்தே அரசு கலைக் கல்லூரி உண்டு. கிருஷ்ணகிரியில் பெண்களுக்கென்று தனி அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. காரிமங்கலத்திலும் பர்கூரிலும் மகளிர் கல்லூரிகள், அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டியில் கலை அறிவியல் கல்லூரிகள். பொறியியலுக்கு பர்கூரில் 1994 முதல் அரசுக் கல்லூரி, தருமபுரி செட்டிக்கரையில் இன்னொன்று. மருத்துவக் கல்லூரி தருமபுரியில் 2008-இலும் கிருஷ்ணகிரியில் 2022-இலும் வந்தன.

யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்களும் உண்டு. ஓசூர் மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. கோழிக்கு பி.டெக். உண்டு என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். குஞ்சு பொரிப்பகத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள், தீவனத்தில் எதை எவ்வளவு கலக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். ஜீனூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி. காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம். கேழ்வரகில் பையூர் என்ற பெயரோடு ரகம் இருக்கிறதே, அது இங்கே உருவானது. வீட்டில் கேழ்வரகு விதைக்கும் பிள்ளையை அங்கே ஒரு முறையாவது கூட்டிப் போக வேண்டும்.

பாலிடெக்னிக்கையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு மூன்று வருட டிப்ளமோ. அது முடிந்ததும் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூ முடித்துப் போனால் டிப்ளமோவிலேயே இரண்டாம் வருடத்தில் சேரலாம். பொறியியல் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள்; கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதில் கொஞ்சம் பின்தங்கிய பிள்ளைக்கு இந்தச் சுற்றுவழி சில சமயம் நேர்வழியைவிட நன்றாக அமைகிறது, ஏனென்றால் கை வேலை முதலிலேயே படிந்துவிடுகிறது. இதைப் பத்தாம் வகுப்பிலேயே பார்த்தால்தான் பயன்.

பள்ளியில் ஏற்பாடு இல்லை என்றால்

தலைமை ஆசிரியர் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கடிதத்தில் எந்தத் தேதி, எத்தனை பேர், எந்தெந்த டிபார்ட்மென்ட் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். வெறுமனே “கல்லூரியைப் பார்வையிட” என்று எழுதினால் ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசி, ஒரு சமோசாவும் டீயும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வகுப்பு, ஒரு லேப், சீனியர்களோடு அரை மணி நேரம் என்று மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். நூறு பேரை ஒரே பஸ்ஸில் அடைத்துக் கொண்டுபோவதைவிட, ஒரே மாதிரி ஆசை உள்ள பத்துப் பதினைந்து பேராகப் பிரித்துப் போனால்தான் ஒவ்வொருவர் கைக்கும் பியூரெட்டோ அரமோ வந்து சேரும். பெற்றோர் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

திரும்பி வந்த அன்று ராத்திரியே பிள்ளை ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். எந்த நேரத்தில் மணி பார்த்தேன், எந்த நேரத்தில் மணியை மறந்தேன் என்று எழுதினால் போதும். கட்டடம் பெரிதா சின்னதா என்பதெல்லாம் அதில் வேண்டாம். மே மாதம் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது எடுத்துப் பார்க்க அந்தப் பக்கம் ஒன்றுதான் அவர்களிடம் இருக்கும்.

நேரம்தான் கடைசி விஷயம். கல்லூரிகளில் நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு நெருக்கும். அப்போது போனால் வகுப்பும் இருக்காது, லேபில் நிற்க இடமும் இருக்காது. பள்ளியில் காலாண்டுத் தேர்வு முடிந்து வரும் நாட்களிலும், பொங்கல் லீவுக்கு அப்புறம் ஒரு பத்து நாளும் இரண்டு பக்கமும் ஒத்துவரும். பிப்ரவரி பிறந்தால் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆகவே கடிதத்தை ஆகஸ்டிலேயே எழுதிவிடுவது உத்தமம், ஏனென்றால் பதில் வரவே சில கல்லூரிகளில் ஒரு மாதம் ஆகும்.